தனியாக மரவேலை செய்பவருக்கு ரோலர் ஸ்டாண்ட் தேவையா?

"தனியாகத்தான் மரவேலை செய்கிறேன். அறுக்கும் பலகையின் மறுமுனையைத் தாங்க, மேலே உருளை வைத்த, உயரம் மாற்றுகிற ரோலர் ஸ்டாண்ட் வாங்கலாமா, நாற்காலியை வைத்தே சமாளிக்கலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். முடிந்தால் இரண்டாக.

நீங்களும் என்னைப் போல சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் மரத்தைத் தொடுகிறவராகத்தான் இருப்பீர்கள். வீட்டில் ரம்பம் ஓட்ட வழியில்லை. சத்தமான புதுப்பிப்பு வேலைக்கே வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. நான் சுங்கை காடுட்டில் நண்பருடைய பட்டறையில் ஒரு மூலையைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இருக்காது.

மகளுடைய புது வீட்டுக்குப் பூஜை அலமாரி செய்தேன். 18 மி.மீ. கனத்தில் 8க்கு 4 அடி ப்ளைவுட் என்றால் சுமார் 30 கிலோ. முழுத்தாளைத் தரையில் வைத்தே கை ரம்பத்தால் இரண்டாகப் பிளந்துவிட்டேன். நீளமான பட்டைகளை டேபிள் சாவில், அதாவது மேசை நடுவே ரம்பத் தட்டு சுழலும் இயந்திரத்தில், தள்ளி அறுக்கும்போதுதான் ஸ்டாண்டின் அருமை தெரிந்தது. பலகை பாதிக்கு மேல் அந்தப் பக்கம் போனதும் எடை அங்கே சாயும், நம் பக்கம் மேசையை விட்டு எழும்பும். அதை அமுக்கப் போகும்போது பலகை லேசாகத் திரும்பினாலும் ரம்பப் பல் பிடித்து நம் மேலேயே எறியும்.

அதனால் பலகை வெளியே வரும் பக்கத்தில் ஸ்டாண்டை வைத்தேன். மேசைமேல் நேரான அலுமினியப் பட்டையை வைத்து வெளியே நீட்டி, அதற்கு 2, 3 மி.மீ. தாழ்வாக உருளையை நிறுத்தினேன். சரிசமமாக வைத்தால் தொங்குகிற முனை உருளையில் முட்டி ஸ்டாண்டையே தள்ளிவிடும். உருளை வெட்டும் திசைக்கு நேர்க்குறுக்காகவும் இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் பலகையைப் பக்கவாட்டில் இழுக்கும். பட்டறைத் தரை வடிகால் பக்கம் சரிவு, அதனால் மூன்று கால் ஸ்டாண்ட்தான் ஆடாமல் நின்றது. கால்மேல் ஒரு மணல் மூட்டை. முனை உருளையில் ஏறி வழுக்கிக்கொண்டு போக, நான் தள்ளுவதை மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்தப் பட்டைகளில் செய்த கதவுகள் இன்றைக்கும் இடுக்கு இல்லாமல் மூடுகின்றன.

பெயிண்ட் டின்னை அடுக்கியே காலம் தள்ளினோம் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர்கள் கையை நான் குறை சொல்லவில்லை. பலகை நகராமல் ரம்பம் மட்டும் நகருகிற வேலைக்கு டின்னும் ஸ்டூலும் போதும். பலகை நகருகிற வேலைக்கு உருளைதான் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். என் அப்பா செம்பவாங்கில் தச்சராக இருந்தவர். "ஆளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை, உனக்கு எதற்கு?" என்று சொந்தக்காரர்கள் இன்னும் என்னைக் கேட்கிறார்கள். அதே ஆட்கள் மகள் வீட்டுக்கு வந்து, அலமாரி எந்தக் கடையில் வாங்கியது என்று விசாரிக்கிறார்கள். சட்டையில் மரத்தூள் இருந்தால் மதிப்புக் குறைவு என்ற நினைப்பு நம்மவர்களை விட்டுப் போகவே இல்லை. மனசு வலிக்கிறது.

சரி, கடைக்குப் போனால் உயரத் திருகை இறுக்கிவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் உருளையை அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் இறங்கினாலும் வேண்டாம். மடிகிற வகையாக எடுத்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வீட்டு வாசலில் மட்டும் வைக்காதீர்கள், பொதுத் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும்.