பரணில் கிடக்கும் ஆறு கிராபிக்ஸ் கார்டுகள்: ஆராய்ச்சிக்கு எத்தனையை ஓட்டலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "கிரிப்டோ மைனிங்குக்காக வாங்கிய ரிக் (பல கிராபிக்ஸ் கார்டு பூட்டிய கணினி) ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ மூன்று, ஆர்எக்ஸ் 580 மூன்று, ஆக ஆறு கார்டு. சித்தப்பா போன வருடம் கேன்சரில் தவறினார். இந்தக் கார்டுகளை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஓடவிட்டால் நாலு பேருக்குப் பயன்படுமே என்று தோன்றுகிறது. மொட்டை மாடி அறையில் வைத்து இரவு பகலாக ஓட்டலாமா? ரிக்கை அப்படியே ஆன் செய்தால் போதுமா? கரன்ட் பில் எவ்வளவு வரும்?"

உங்கள் சித்தப்பாவை நினைத்து இதைச் செய்ய நினைக்கிறீர்கள். அதனால் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். ஆறையும் ஓட்டாதீர்கள். 3060 டிஐ இரண்டை மட்டும் ஒழுங்காக ஓட்டுங்கள். ரிக்கை இப்போதிருக்கும் நிலையில் ஆன் செய்யவே வேண்டாம்.

முதலில் கரன்ட் பில், ஏனென்றால் இதில் பலரும் கைவிடுவது அங்கேதான். 3060 டிஐ கார்டின் முழு இழுப்பு 200 வாட், ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட். ஆறும் சேர்ந்து 1,155 வாட். மதர்போர்டு, ஃபேன், எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வீணாவது எல்லாம் சேர்த்தால் சுவரிலிருந்து சுமார் 1,400 வாட் இழுக்கும். நம் ஊரில் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 60 நாள் என்றால் 1,440 மணி நேரம், ஆக 2,000 யூனிட்டைத் தாண்டிவிடும். 2024 ஜூலையில் வந்த கட்டண அட்டைப்படி 1,000 யூனிட்டுக்கு மேல் போனால் யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. உங்கள் வீட்டுச் செலவு ஏற்கெனவே 400 யூனிட் என்று வைத்துக்கொண்டால், இந்த ரிக்குக்காக மட்டும் ஒவ்வொரு பில்லிலும் 22,000 ரூபாய்க்கு மேல் கூடும். மூன்றாவது பில் வருவதற்குள் வீட்டில் யாராவது சுவிட்சை அணைத்துவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

அதே வீட்டில் இரண்டு 3060 டிஐ, ஒவ்வொன்றும் 130 வாட்டுக்குக் கட்டுப்படுத்தப்பட்டு, மொத்தம் 350 வாட் என்று வையுங்கள். இரவு பகலாக ஓடினால் 500 யூனிட் சொச்சம், பில்லில் 4,500 ரூபாய் அளவு கூடும். இரவு 12 மணி நேரம் மட்டும் ஓட்டினால் 250 யூனிட், 2,000 ரூபாய்க்குப் பக்கம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டும்போது கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறையும் என்பதால் இதில் கொஞ்சம் ஏறலாம். இது வருடக்கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடிய தொகையா என்று குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். மூன்று மாதம் ஆறு கார்டை ஓட்டி நிறுத்துவதைவிட மூன்று வருடம் இரண்டு கார்டை ஓட்டுவது மேல்.

சரி, எந்தத் திட்டத்துக்கு ஓட்டுவது? உங்கள் நோக்கத்துக்குப் பொருத்தமானது ஃபோல்டிங் அட் ஹோம். வீட்டுக் கணினிகளின் கணக்கிடும் சக்தியை இணையம் வழியாக ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் திட்டம் இது. 2000ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் விஜய் பாண்டே தொடங்கியது. இப்போது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருக்கும் கிரெக் போமேன் தலைமையில் நடக்கிறது. நம் உடம்பிலுள்ள புரதங்கள் எப்படி மடங்குகின்றன, எப்படி அசைகின்றன என்று அணு அணுவாகக் கணக்கிடுவதுதான் வேலை. ஒரு புரதம் அசையும்போது ஒரு கணம் மட்டும் திறந்து மூடும் குழிகள் உண்டு. சாதாரணப் படத்தில் அவை தெரியாது. மருந்து போய் ஒட்டிக்கொள்ள அந்தக் குழி ஒரு இடமாகலாம். 2020இல் கொரோனா வந்தபோது உலகம் முழுக்க இருந்து வீட்டுக் கணினிகள் வந்து சேர்ந்து, இதன் வேகம் எக்ஸாஃப்ளாப் எல்லையைத் தாண்டியது. நொடிக்குக் கோடி கோடியை இன்னும் பத்தாயிரத்தால் பெருக்கிய அளவு கணக்குகள். அன்று எந்த ஒற்றை சூப்பர் கம்ப்யூட்டரும் அந்த அளவைத் தொட்டிருக்கவில்லை. அந்தப் பெரும்படை ஓடி, கொரோனா வைரஸின் புரதங்களுக்குக் கணக்கிட்டுத் தந்த அசைவு, நேரக்கணக்கில் மொத்தம் 0.1 நொடி. அந்த 0.1 நொடிக்குள்தான் ஸ்பைக் புரதம் எப்படி வாய் திறக்கிறது என்பது கிடைத்தது. இந்த வேலை எவ்வளவு பெரியது, ஒவ்வொரு கார்டும் ஏன் முக்கியம் என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

ஃபோல்டிங் மென்பொருளின் செட்டிங்கில் கேன்சர் என்று தேர்ந்தெடுக்கலாம். அது விருப்பம்தான், கட்டாயம் இல்லை. அந்த நேரத்தில் கேன்சர் வேலை கைவசம் இல்லையென்றால் வேறு நோய்க்கான வேலை வரும். கேன்சருக்கு மட்டுமே என்று உறுதியாக வேண்டுமானால், வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் திட்டத்தில் கேன்சர் அடையாளங்களைத் தேடும் பிரிவு ஒன்று உண்டு. ஆனால் அது சிபியூவில்தான் ஓடும், உங்கள் கார்டுகளுக்கு அங்கே வேலை இல்லை.

ஏன் ஆறு வேண்டாம், இரண்டு போதும் என்கிறேன்? இதுதான் உங்கள் கேள்வியின் நடுப்புள்ளி.

ஃபோல்டிங் வேலை துண்டு துண்டாக வரும். (ஒர்க் யூனிட் என்பார்கள், கரன்ட் யூனிட்டோடு குழம்பாமலிருக்கத் துண்டு என்றே சொல்கிறேன்.) ஒரு புரதத்தின் அசைவில் முதல் துண்டு எங்கே முடிகிறதோ, அங்கிருந்துதான் இரண்டாவது தொடங்கும். நீங்கள் முடித்து அனுப்பினால்தான் அடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க முடியும். ரிலே ஓட்டம் மாதிரி. மெதுவான கார்டு ஒன்று துண்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றரை நாள் இழுத்தால், அந்தச் சங்கிலி முழுவதும் அங்கேயே காத்து நிற்கும். முடித்த வேலைக்கு ஃபோல்டிங்கில் புள்ளி கிடைக்கும், சீக்கிரம் திருப்பித் தருபவர்களுக்குக் கூடுதல் புள்ளி தருவதற்குக் காரணமும் இதுதான். மைனிங்கில் எந்தக் கார்டு சேர்ந்தாலும் லாபத்தோடு லாபம் என்று பழகியிருப்பீர்கள். இங்கே கணக்கு வேறு. ஆர்எக்ஸ் 580 மின்சாரத்தை ஏறக்குறைய 3060 டிஐ அளவுக்கு இழுத்துக்கொண்டு அதைவிட மிக மெதுவாகத் துண்டைத் திருப்பும். 2017இல் வந்த கார்டு அது, லினக்ஸில் அதற்கு டிரைவர் சரிசெய்வதும் பெரும்பாடு. வீடியோ எடிட்டிங் பழகும் பிள்ளைகள் யாராவது இருந்தால், மைனிங்கில் ஓடியது என்று சொல்லியே கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, ரிக்கை அப்படியே ஆன் செய்யக் கூடாது என்பது. மைனிங்குக்காகக் கார்டின் மெமரி வேகத்தை ஏற்றியிருப்பீர்கள், கோரின் (கார்டில் கணக்குப் போடும் பகுதி) வோல்டேஜைக் குறைத்திருப்பீர்கள். ஈதரியம் என்ற கிரிப்டோ காசின் மைனிங்குக்கு (2022இல் அது நின்றுவிட்டது) அது சரியாக இருந்தது, ஏனென்றால் அதற்கு மெமரிதான் எல்லாம். ஒரு விடை தப்பிப் போனால் அந்த ஒன்றைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். ஃபோல்டிங் அப்படியே தலைகீழ். வேலை முழுக்கக் கோரில் நடக்கும், மெமரி வேகம் அவ்வளவு உதவாது. ஓரிடத்தில் கணக்கு தப்பினால் அந்தத் தப்பு அடுத்த அடியில் பெரிதாகும், அதற்கடுத்த அடியில் இன்னும் பெரிதாகும், கடைசியில் அணுக்கள் திசைக்கொன்றாகச் சிதறித் துண்டு பாழாகும். அதை வேறொருவர் முதலிலிருந்து செய்ய வேண்டும். நல்லது செய்ய உட்கார்ந்து மற்றவர் வேலையைக் கெடுப்பதாகிவிடும். அதனால் எல்லா ஓவர்கிளாக் செட்டிங்கையும் எடுத்துவிட்டு, கார்டுகளைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். மைனிங்குக்கென்றே வந்த ஓஎஸ்ஸையும் அழித்துவிட்டு, உபுண்டுவோ விண்டோஸோ புதிதாகப் போடுங்கள்.

அதற்குப் பிறகு மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்று, பவர் லிமிட், அதாவது கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கான உச்ச வரம்பு. லினக்ஸில் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையால் 130 வாட் என்று வைக்கலாம், விண்டோஸில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் 65 சதவீதம் என்று இழுத்துவிட்டால் போதும். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் மின்சாரம் குறைகிற அளவுக்குக் குறையாது. கடைசி 70 வாட்டை வாங்கிக்கொண்டு கார்டு தருகிற கூடுதல் வேலை சொற்பம். இங்கே வோல்டேஜைக் கையால் குறைக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். பவர் லிமிட் வைத்தால் வேகத்தையும் வோல்டேஜையும் கார்டே பொருத்தமாக இறக்கிக்கொள்ளும், விடை தப்பாது. லினக்ஸில் ரீஸ்டார்ட் ஆனதும் இந்த அளவு மறந்துபோகும். கணினி ஆன் ஆகும்போதே கட்டளை ஓடும்படி வைத்துவிடுங்கள்.

மைனிங் ரிக்கில் பெரும்பாலும் இரண்டு கோர் செலிரான் என்ற மலிவான சிபியூதான் இருக்கும், ரேமும் 4 ஜிபிதான். ஃபோல்டிங்கில் 3060 டிஐ போன்ற ஒவ்வொரு என்விடியா கார்டும் ஒரு சிபியூ திரெட்டை (சிபியூ ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைகளில் ஒன்று) முழுதாகப் பிடித்துக்கொள்ளும். செலிரானில் இரண்டு கார்டு ஏறினாலே மூச்சுமுட்டும், ஆறு ஏறினால் கார்டுகள் சிபியூவுக்காகக் காத்துக்கிடக்கும். கார்டை மதர்போர்டிலிருந்து தள்ளி வைத்து இணைக்கும் ரைசர் விஷயமும் அப்படித்தான். அந்த நீலக் கேபிள் ரைசர் ஒற்றை லேனில் (தரவு போகும் பாதை) ஓடுவது, மைனிங்குக்கு அது போதும், ஃபோல்டிங்கில் வேகத்தைத் தின்னும். லினக்ஸில் இழப்பு குறைவு, விண்டோஸில் நன்றாகவே தெரியும். இரண்டு நீள ஸ்லாட் உள்ள சாதாரண மதர்போர்டு, நான்கு கோராவது உள்ள சிபியூ, 16 ஜிபி ரேம். செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் போதும். கார்டு இரண்டையும் நேராகச் செருகுங்கள், நடுவில் ஒரு ஸ்லாட் இடைவெளி இருக்கட்டும்.

எந்தக் காரணத்துக்காகவாவது ரைசர் வைத்தே தீர வேண்டுமென்றால், அதற்கு சாட்டா இணைப்பிலிருந்து (ஹார்ட் டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் கேபிள்) மின்சாரம் கொடுக்காதீர்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் முனைகள் மொத்தம் 54 வாட்டுக்குத்தான் கட்டப்பட்டவை, கார்டோ ஸ்லாட் வழியாக 75 வாட் வரை கேட்கலாம். என் வீட்டில் ஒரு விடியற்காலை பிளாஸ்டிக் கருகும் நெடி அடித்து எழுந்து போய்ப் பார்த்தேன். ரைசரோடு வந்த சாட்டா மாற்றி உருகி, எஸ்எம்பிஎஸ் கேபிளோடு ஒட்டிக்கிடந்தது. அன்று கதவு மூடியிருந்தால் நெடி வந்திருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கென்று வரும் பிசிஐஇ ஆறு முனைக் கேபிளை நேராக எடுக்கும் ரைசர்தான் வேண்டும். மைனிங் சீசனில் பெயரே தெரியாமல் வந்த 2,000 வாட் எஸ்எம்பிஎஸ் உங்களிடம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இரண்டு கார்டுக்கு நல்ல 650 வாட், கோல்டு தரச் சான்றுள்ளது ஒன்று தாராளம்.

வயரிங் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 1,400 வாட் என்றால் 6 ஆம்பியருக்கு மேல். சாதாரண 6 ஆம்ப் பிளக்கில் அதை நாள் முழுக்க ஓட்டினால் பிளக் சூடேறிப் பழுக்கும். 350 வாட் என்றால் ஒன்றரை ஆம்பியர்தான், அந்தக் கவலையே இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று மட்டும் எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டாம், பேட்டரி நிற்காது. கரன்ட் போனால் போகட்டும், ஃபோல்டிங் அவ்வப்போது செக்பாயின்ட் எழுதி வைத்திருக்கும், திரும்ப வந்ததும் விட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து தொடரும்.

இனி மொட்டை மாடி அறை. அது வேண்டாம். கார்டு இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. 350 வாட் என்பது ஒரு சின்ன ஹீட்டர். சித்திரை வெயிலில் மேற்கூரை சுட்டு, அறைக்குள் 40 டிகிரி இருக்கும்போது ஃபேன் அடிப்பதும் அதே சூட்டுக் காற்றைத்தான். ஏ.சி. போட்டால் பில் மறுபடி ஏறும், செய்யும் காரியமே கெட்டுப்போகும். கீழ்த்தளத்தில் வடக்குப் பக்க ஜன்னலும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் உள்ள அறை போதும். கார்டின் சூடு 75 டிகிரிக்குள் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் பவர் லிமிட்டை இன்னும் 10 வாட் இறக்குங்கள். ஏப்ரல், மே மாதங்களில் பகலில் நிறுத்திவிட்டு இரவில் மட்டும் ஓட்டுங்கள். நிறுத்தும்போது பாதியில் இடைநிறுத்தாமல், கையிலிருக்கும் துண்டை முடித்துவிட்டு நிற்கும்படி ஃபினிஷ் பட்டனை அழுத்துங்கள். 3060 டிஐக்கு ஒரு துண்டு பெரும்பாலும் சில மணி நேர வேலைதான்.

திருப்பூர் என்பதால் இன்னொன்று. பனியன் யூனிட் பக்கத்தில் இருந்தால் பஞ்சுத் தூசி, கார்டின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் மெத்தை மாதிரி படியும். பஞ்சு தீப்பிடிக்கும் பொருள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்த ஃபிரேம் ரிக்கை விட்டுவிட்டு, முன்பக்கம் வலை உள்ள கேபினெட்டுக்கு மாறுங்கள், மாதம் ஒருமுறை புளோயரால் ஊதுங்கள். வருடக்கணக்கில் மைனிங்கில் ஓடிய கார்டு என்பதால் ஃபேன் பேரிங் தேய்ந்திருக்கும். கையால் சுற்றினால் கரகரத்தால் ஃபேனை மாற்றுங்கள், தெர்மல் பேஸ்ட்டையும் அப்போதே புதிதாக இடுங்கள்.

கடைசியாக, ஓட்ட ஆரம்பிக்கும்போதே ஃபோல்டிங் தளத்தில் பாஸ்கீ (உங்களை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு) ஒன்று வாங்கி செட்டிங்கில் சேர்த்துவிடுங்கள். அதோடு பத்துத் துண்டு முடித்த பிறகுதான் சீக்கிரம் முடித்ததற்கான கூடுதல் புள்ளி வரத் தொடங்கும், எடுத்ததில் 80 சதவீதத்தையாவது முடித்துக் கொடுத்திருக்கவும் வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு கார்டை ஓட்டிப் பாருங்கள். நடந்ததையெல்லாம் மென்பொருள் பதிந்து வைக்கும் லாக் பக்கத்தைத் தினமும் திறந்து, பாதியில் செத்த துண்டு ஏதாவது உண்டா என்று தேடுங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் இரண்டாவதைச் செருகலாம். ஒன்றிரண்டு செத்திருந்தால் அந்தக் கார்டை எடுத்துவிட்டு மூன்றாவது 3060 டிஐயைப் போட்டுப் பாருங்கள். அதை விற்றுவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள், இதற்காகத்தான்.