நாயனக்காரரைக் கேளுங்கள்: கல்யாணத்தில் குறும்புக்கு எந்தப் பாட்டு?

(கும்பகோணம் பக்கத்தில் முப்பது வருடமாகக் கல்யாணங்களுக்கு நாகஸ்வரம் வாசித்துவரும் கலைஞர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

வருகிற தையில் தங்கைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தி வரைக்கும் கலகலப்பாக இருக்க வேண்டும் என்று தம்பி நாற்பது பாட்டு எழுதி வைத்திருக்கிறான். அப்பாவோ, "நாயனம் மட்டும் போதும்" என்கிறார். எப்படிப் பிரித்துக்கொள்வது?
— வாசகி, மன்னார்குடி

தம்பி ஆசையாக எழுதியதை ஒதுக்கிவிடாதீர்கள் அம்மா. நாற்பதில் ஐந்தாறு கட்டாயம் தேறும். ஆனால் எந்தச் சடங்கு எத்தனை நிமிடம் நடக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். மாலை மாற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறை மாற்றுவது, நடுவில் தாய்மாமன் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்து ஏமாற்றுவது எல்லாம் சேர்ந்து நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சினிமாப் பாட்டில் முன்னிசையே முக்கால் நிமிடம் ஓடும். பாட்டு சூடு பிடிப்பதற்குள் முதல் மாலை கழுத்தில் விழுந்திருக்கும். ஒலிபெருக்கியில்தான் போடுவதென்றால் பல்லவியிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

மாலை மாற்றுவதை மட்டும் எங்களிடம் விடுங்கள் என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. நாங்கள் மாப்பிள்ளையின் கையைப் பார்த்து வாசிப்போம். அவர் கை மாலையோடு மேலே போகும்போது நானும் மேல் ஷட்ஜத்துக்குப் போய் நிற்பேன். தாய்மாமன் பெண்ணைப் பின்னால் இழுத்துவிட்டால் அங்கேயே நிற்பேன், இறங்க மாட்டேன். கூட்டம் 'ஓ' என்று கத்தும். மறுபடி கை போகும், நான் அதே ஸ்வரத்தில் காத்திருப்பேன். மாலை விழுந்ததும் தவில்காரர் ஒரு தீர்மானம், அதாவது முடித்து வைக்கிற தாளக்கட்டு, வைப்பார், நான் இறங்கி வருவேன். அந்த இடத்தில் என்ன ராகம், என்ன பாட்டு என்று யாருக்கும் நினைவிருக்காது. சிரித்தது நினைவிருக்கும்.

மாப்பிள்ளை அழைப்பு தெருவில் நடப்பது. அதில் தம்பிக்கு நிறைய இடம் கொடுங்கள், ஆடட்டும். அப்பாவையும் திருப்திப்படுத்த, கோயில் வாசலிலிருந்து முதல் தெரு வரைக்கும் காவடிச்சிந்து வாசிக்கச் சொல்லுங்கள். அண்ணாமலை ரெட்டியார் கழுகுமலை முருகன் மேல் பாடியவை அவை. அந்த நடையைக் கேட்டால் வயதானவர்களுக்குக்கூடத் தோள் தானாக ஆடும். ஒன்றே ஒன்று: மல்லாரி கேட்காதீர்கள். அது சாமி புறப்பாட்டுக்கு உரியது. மாப்பிள்ளை காருக்கு முன்னால் அதை வாசிக்க என் அப்பா கடைசிவரை சம்மதித்ததில்லை, நானும் வாசிப்பதில்லை.

பெண் மேடைக்கு வரும்போது 'வாராயென் தோழி' வாசிக்கச் சொல்லலாம். 'பாசமலர்' 1961இல் வந்த படம். எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அந்தப் பாட்டு இன்றைக்கும் எல்லா வயதுக்காரருக்கும் தெரிகிறது. தோழிகள் கேலி பண்ணிக்கொண்டே பெண்ணை அழைக்கிற பாட்டு. அதனால் முதல் இரண்டு வரியைத் தங்கையின் தோழிகளே பாடட்டும், மூன்றாவது வரியில் நாயனம் சேர்ந்துகொள்ளும். முதல் நாள் சாயங்காலம் எங்கள் சுருதியில் ஒருமுறை பாடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பந்தியில் பாட்டே வேண்டாம். பரிமாறுகிறவர் கேட்பது சாப்பிடுகிறவர் காதில் விழ வேண்டும்.

தாலி கட்டும்போதே ஜாலியான பாட்டு ஒன்று வைத்தால் வித்தியாசமாக இருக்குமே?
— வாசகர், திருச்சி

வேண்டாம் தம்பி. அந்த ஒரு நிமிடம் கெட்டி மேளத்துக்கே இருக்கட்டும். தும்மலோ வேண்டாத சொல்லோ யார் காதிலும் விழக்கூடாது என்பதற்காகத்தான் அது என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாலைந்து வருடத்துக்கு முன்பு ஒரு மண்டபத்தில், தாலி ஏறுகிற சமயம், ஒலிபெருக்கியில் மாட்டியிருந்த கைபேசிக்கு அழைப்பு வந்து மண்டபம் முழுக்க மணி அடித்தது. நாங்கள் இருந்த வேகத்துக்கு இன்னும் பலமாக வாசித்தோம், ஆனாலும் கேட்டது. பெண்ணின் அம்மா திரும்பிப் பார்த்த முகம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே ஒலிபெருக்கியிலிருந்து கைபேசியைக் கழற்றிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் நலங்குப் பாட்டு முழுசாகத் தெரிந்தவர் பாட்டி ஒருவர்தான். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, குரல் எழும்பாது. பதிவு செய்த பாட்டைப் போட்டுவிடலாமா?
— வாசகி, மயிலாடுதுறை

போடாதீர்கள், பாட்டியைப் பாட வையுங்கள். கல்யாணத்தில் விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்த நேரம் நலங்கு. தேங்காய் உருட்டுவது, கண்ணாடி காட்டுவது, தலை வாரிவிடுவது, அப்பளத்தைத் தலையைச் சுற்றி உடைப்பது என்று ஒவ்வொன்றிலும் யாராவது யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டிருப்பார்கள். பாட்டும் அந்த வம்பில் சேர வேண்டும். சம்பந்தியைக் கேலி பண்ணும் ஏசல் பாட்டில் அந்த வீட்டுக்காரரின் நடை, உடை, மீசை எல்லாம் வந்தால்தான் ருசி. பதிவு செய்த பாட்டுக்கு இந்தச் சம்பந்தியை எப்படித் தெரியும்?

குரல் எழும்பாதது பெரிய குறையில்லை. திருவிடைமருதூர் பக்கம் ஒரு நலங்கு. பெண்ணின் பாட்டி பாய் ஓரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சொல் பாதி வெளியே வரும், பாதி காற்றாகப் போய்விடும். நாயனத்தை எடுத்தால் அவர் குரல் மூழ்கிவிடும் என்று நான் எடுக்கவேயில்லை. என் தவில்காரர் வலது கை விரல்களிலிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டார். கழியையும் கீழே வைத்துவிட்டு, வெறும் விரல் நுனியால், கதவைத் தட்டுகிற மாதிரி தோலைத் தட்டினார். பாட்டி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மாப்பிள்ளை காபிக்கு மூன்றாவது முறை சர்க்கரை கேட்டதை அங்கேயே வரி கட்டிப் பாட்டில் சேர்த்தார். மாப்பிள்ளை வீட்டு அத்தை விடுவாரா? பெண்ணுக்குக் கோலம் போடத் தெரியாது என்று அதே மெட்டில் பதில் பாடினார். முக்கால் மணி நேரம் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பாடினார்கள். நான் ஒவ்வொரு வரி முடிவிலும் சின்னதாக ஒரு பிடி மட்டும் வாசித்தேன்.

பாட்டிக்குப் பக்கத்தில் பேத்திகள் இருவரை உட்கார வைத்து, கடைசி வரியைத் திருப்பிப் பாடச் சொல்லுங்கள். இப்போதே அவர் பாடுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டு பழகுங்கள். ஏசலில் ஒரு கட்டுப்பாடு மட்டும் உண்டு: நிறம், பணம், சீர் மூன்றையும் தொடக்கூடாது. காபி, குறட்டை, நடை, தூக்கம் எதுவானாலும் பாடலாம்.

முகூர்த்த நேரத்தில் குழந்தைகளை உட்கார வைக்க ஏதாவது வாசிப்பீர்களா?
— வாசகி, சென்னை

ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரின் இங்கிலீஷ் நோட்டை வாசிப்பேன். மதுரை மணி ஐயர் கச்சேரியில் பாடிப் பாடிப் பிரபலமானது. வேண்டாம் என்று சொன்ன குழந்தையை நான் பார்த்ததில்லை. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்திருக்கிறார், நோட்டுஸ்வரம் என்பார்கள். அதில் 'சியாமளே மீனாக்ஷி' என்பது, பள்ளிக்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் பாடுகிற 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டேதான். அதை ஆரம்பித்தால் ஓடிக்கொண்டிருக்கிற பிள்ளைகள் நின்று, "இது எங்க பாட்டு!" என்று நாயனத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

வரவேற்பில் சினிமாப் பாட்டு போட உரிமத் தொகை கட்டச் சொல்கிறார்கள். கட்ட வேண்டுமா?
— வாசகர், கோவை

1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவிலேயே, திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் பொது அறிவிப்பு வெளியிட்டு இதை நினைவூட்டியது. அந்த அறிவிப்பை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஒரே மகள். வண்டி ஏறும்போது நானும் அழுவேன், அவளும் அழுவாள். சிரிக்கிற மாதிரி ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லலாமா?
— வாசகர், சீர்காழி

சொல்லலாம் ஐயா. ஆனால் வண்டிக் கதவு திறந்திருக்கும்போது வேண்டாம், அந்த அழுகைக்கு நேரம் கொடுங்கள். கதவு சாத்தி வண்டி நகர்ந்த பிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டாக இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஒரு அப்பா, மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தலை பின்னிவிட்டுக்கொண்டே தினமும் பாடிய அர்த்தமில்லாத பாட்டை எனக்குப் பாடிக் காட்டினார். நாலே வரி, எண்ணெய், சீப்பு, பேன் என்று போகும். வண்டி குளக்கரையில் திரும்பும்போது அதை வாசித்தேன். பெண் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, இரண்டு கையாலும் பின்னலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கும். மெட்டை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே நாயனக்காரரிடம் பாடிக் காட்டிவிடுங்கள். விரலில் ஏறக் கொஞ்சம் நாள் வேண்டும்.