ஃபார்மட் செய்வதற்கு முன்: கணினிக் கேள்வி பதில்

கேள்வி (தஞ்சாவூர்): ஐயா, மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கணினியில் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விடுகிறது. வங்கித் தளத்தைத் திறந்தால் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்கிறது. வைரஸ்தான், டிஸ்க்கில் உள்ளதை எல்லாம் அழித்து ஃபார்மட் செய்துவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் ஒவ்வொன்றும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று தேதியிட்டே வழங்கப்படுவதால், உங்கள் கணினி பழைய ஆண்டில் நிற்கும்போது அந்தச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வரவில்லை என்று பிரவுசர் முடிவு செய்து தடுக்கிறது. பவர் கேபிளைக் கழற்றிவிட்டு, பிளஸ் குறி மேலே இருக்கும்படி புதிய பேட்டரியைப் பொருத்தி, பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் வரும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) தேதியைச் சரி செய்யுங்கள். பேட்டரியை எடுத்தால் பயாஸ் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பக்கூடும். ஆகவே, விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரால் டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்பு எண்ணை முதலிலேயே காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை இயக்கும்போது கணினி அந்த எண்ணைக் கேட்கலாம்.

கேள்வி (நாகர்கோவில்): வெறுங்காலுடன் கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் போதும் என்கிறார்கள்.

பதில்: செருப்பு ஷாக்கை உணராமல் செய்யுமே தவிர, பழுதை நீக்காது. கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில், மின்னிரைச்சலை வடிகட்டுவதற்காக, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றுமாகச் சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், கேபினட்டின் தகடு 230 வோல்ட்டில் ஏறத்தாழப் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் இப்போது சுருக்கென்பதோடு நிற்கிறது. உள்ளே இன்சுலேஷன் பழுதானால் முழு 230 வோல்ட்டும் தகட்டுக்கு வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் டிவியையோ பிரிண்டரையோ கேபிளால் இணைத்தால் போர்ட் கருகவும் வாய்ப்புண்டு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் பிளக்கை முதலில் பாருங்கள். மூன்று பின் உள்ள பாக்ஸை இரண்டு பின் கன்வெர்ட்டரில் செருகியிருப்பார்கள், அல்லது எர்த் பின்னே உடைந்திருக்கும். அங்கே குறையில்லை என்றால், எலக்ட்ரீஷியனை அழைத்து மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட் மட்டுமேயும் காட்ட வேண்டும். கோடையில் எர்த் குழி வறண்டுபோவதும் ஒரு காரணம். கணினிக்கு ஆகும் செலவுகளில் எர்த்தைச் சரிசெய்வதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

கேள்வி (மதுரை): ஹார்ட் டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, கோப்புகள் திறக்க வெகுநேரம் ஆகிறது. டிஸ்க்கின் பிழைகளைத் தேடிச் சரிசெய்யும் செக் டிஸ்க்கை ஓட்டலாமா?

பதில்: உடனே அணைத்துவிடுங்கள். செக் டிஸ்க், டிஃபிராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது), ஃபார்மட் எதுவும் இப்போது வேண்டாம். அவை நலிந்த டிஸ்க்கை மேலும் உழைக்க வைத்து, மிஞ்சியதையும் போக்கிவிடக்கூடும். சத்தம் தொடர்ந்தால், தகவல் மீட்பு ஆய்வகம்தான் வழி. டிஸ்க்கின் மூடியை யாரையும் திறக்க விடாதீர்கள். சத்தமின்றி வேகம் மட்டும் குறைந்திருப்பவர்கள், வேறொரு கணினியில் அதை இரண்டாவது டிஸ்க்காக இணைத்து, மறுபடி கிடைக்காத படங்களையும் ஆவணங்களையும் முதலில் நகலெடுக்கவும். டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற செயலியில், பழுதான பகுதிகளைக் கணக்கிடும் 05, சி5 என்ற வரிகளைப் பார்ப்பது அதன் பிறகுதான். அவற்றின் மூல எண்ணிக்கை பூஜ்யத்தைவிடக் கூடிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை இனி நம்ப வேண்டாம்.

கேள்வி (சேலம்): டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இல்லை, விண்டோஸ் 11 ஏறாது, புதிய கணினி வாங்குங்கள் என்கிறார்கள்.

பதில்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது, அதனால் மாற வேண்டியது அவசியமே. ஆனால் பல மதர்போர்டுகளில் டிபிஎம் இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். பிராசசரே பழையது என்றால், விண்டோஸுக்குப் பதிலாக இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (திருச்சி): கணினி பூட்டப்பட்டது என்று திரையில் வந்த எண்ணுக்கு அம்மா போன் செய்து, அவர்கள் சொன்ன ரிமோட் செயலியையும் நிறுவிவிட்டார். இப்போது என்ன செய்வது?

பதில்: அம்மாவைக் கடிந்துகொள்ளாதீர்கள், மிரள வைப்பதற்கென்றே அமைத்த திரை அது. முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வேறொரு கருவியிலிருந்து வங்கிக்குத் தெரிவித்து, மின்னஞ்சல் கடவுச்சொல்லிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் மாற்றுங்கள். பணம் போயிருந்தால் இணைய மோசடிக்கான உதவி எண்ணான 1930-ஐ உடனே அழையுங்கள்; எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை இடையில் முடக்க வாய்ப்பு அதிகம். அந்நியர் கைக்கு முழுக் கட்டுப்பாடும் போன கணினியில் எதை விட்டுச் சென்றார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே உங்களுக்கு மட்டும் ஃபார்மட் செய்யச் சொல்கிறேன்: ஆவணங்களை நகலெடுத்த பின், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிய விண்டோஸைப் புதிதாக நிறுவி, அம்மாவுக்கு நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கை அமைத்துக் கொடுங்கள்.