கொரியத் தொடர் 16 பகுதிகளில் முடிந்துவிடும்போது துருக்கித் தொடர் மட்டும் ஏன் இத்தனை நீள்கிறது?

கொரியர்கள் அடக்கமானவர்கள், துருக்கியர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்று இதற்குப் பண்பாட்டைக் காரணம் காட்டுவோர் உண்டு. இரு நாட்டுத் தொடர்களையும் விடாமல் பார்த்துவரும் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒரு தொடர் வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம், எந்த விளம்பர விதிகளுக்கு உட்பட்டு ஒளிபரப்பாகிறது என்பதுதான் அதன் வடிவத்தை முதலில் முடிவு செய்கிறது என்பதும், கதை சொல்லும் முறை அதற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதும் என் கருத்து.

துருக்கியின் முக்கியத் தொடர்கள் செப்டம்பர் முதல் ஜூன் வரை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் வருகின்றன. ஆனால் ஒரு பகுதியே 2 மணி நேரத்துக்கும் மேல் ஓடும். முந்தைய வாரக் கதைச் சுருக்கமும் விளம்பரங்களும் சேர்ந்தால் இரவு 8 மணிக்குத் தொடங்கியது நள்ளிரவை நெருங்கிவிடும். இரண்டு தொடர்களுக்குப் பணம் கொடுப்பதைவிட ஒன்றையே நீட்டி இரவு முழுவதையும் நிரப்புவது சானலுக்கு மலிவு. அதன் விளைவாக, வாரந்தோறும் ஒரு முழுநீளத் திரைப்படத்தின் அளவுக்குப் படம்பிடிக்க வேண்டியிருக்கிறது. இந்த வேலை நேரத்தை எதிர்த்து நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் இஸ்தான்புல் தெருக்களில் இறங்கிப் போராடியிருக்கிறார்கள். நாயகனும் நாயகியும் பேசாமல் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க, பின்னணியில் இசை பெருகும் அந்தக் காட்சிகளில் காதலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு நிரப்ப வேண்டிய நிமிடங்களுக்கும் உண்டு. வெளிநாட்டுக்கு விற்கும்போது ஒரு பகுதியை இரண்டு மூன்றாக வெட்டிவிடுவதால்தான், நாம் பார்க்கும் பிரதிகளில் சில பகுதிகள் உரையாடலின் நடுவிலேயே அறுந்து நிற்கின்றன.

கொரியாவின் கே.பி.எஸ்., எம்.பி.சி., எஸ்.பி.எஸ். ஆகிய தொலைக்காட்சிச் சானல்கள் வேறு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டன. வாரத்துக்கு அடுத்தடுத்த இரு நாள்கள், நாளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், 8 வாரங்களில் 16 பகுதிகள். கேபிள் இல்லாமல் ஆன்டெனா வழியாகவே வரும் இந்தத் தரைவழிச் சானல்கள் நிகழ்ச்சியின் நடுவே விளம்பரம் போட 1970-களிலிருந்து 2021 வரை தடை இருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்வையாளரைப் பிடித்து வைக்கும் அவசியம் எழுத்தாளருக்கு இல்லாததால், கதை ஒரே ஓட்டமாகச் சென்று கடைசி நிமிடத்தில்தான் அதிர்ச்சி தரும். அதிலும் முதல் நாளின் முடிவு ஓர் இரவைத் தாண்டினால் போதும். இரண்டாம் நாளின் முடிவோ அடுத்த வாரம் வரை தாங்க வேண்டும் என்பதால், இரட்டைப்படைப் பகுதிகளின் முடிவுகள் பெரும்பாலும் கூடுதல் வலுவோடு இருப்பதைக் காணலாம்.

தடுக்கப்பட்ட விளம்பரம் வேறு வாசல் தேடியது. 2010-இல் பொருள்களைக் கதைக்குள்ளேயே காட்ட அனுமதி கிடைத்தது. நாயகன் எந்தத் துயரத்தில் இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட காபிக் கடையிலேயே போய் அமர்வதற்குக் காரணம் அதுதான். பிறகு 2017 வாக்கில், ஒரு மணி நேரப் பகுதியை இரண்டாகப் பிரித்து இடையில் விளம்பரத்தைச் செருகினார்கள். 16 பகுதித் தொடர் கணக்கில் 32 ஆனது. தடையை மீறாமல் தடையைத் தாண்டிய இந்த ஏற்பாட்டை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

பண்பாடு மட்டுமே காரணமென்றால் கொரியர்களின் எல்லாத் தொடர்களும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அவர்களிடமே திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் வரும் தொடர்கள் இருக்கின்றன. நூறு பகுதிகளைத் தாண்டும் அவற்றில் பிறப்பு ரகசியம், பழிவாங்கல், மாமியார் கொடுமை, கன்னத்தில் அறை என்று நம் சீரியல்களில் உள்ள எல்லாமே உண்டு. வெளிநாடுகளில் அதிகம் கொண்டாடப்படுவது 16 பகுதித் தொடர்களே என்பதால் அதுவே கொரியப் பாணி என்று நமக்குப் பதிந்துவிட்டது.

பண்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. துருக்கித் திரையில் மதுக்கோப்பையும் சிகரெட்டும் மங்கலாக்கப்படுவதை ஒளிபரப்பு விதிகளின் வழியே செயல்படும் பண்பாடு என்றே சொல்லலாம். ஆனால் நீளமும் வேகமும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. 2018-இல் நெட்ஃபிளிக்ஸ் தன் முதல் துருக்கித் தொடரை வெளியிட்டபோது, அதன் நாயகன் சாதாய் உலுசோய் ஏற்கெனவே நீண்ட வாராந்தரத் தொடர்களில் புகழ்பெற்றவர். கதை நடப்பதும் அதே இஸ்தான்புல். முதல் பருவம் 10 பகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 40 நிமிடம். அந்த நெடும் பார்வைகளுக்கு அதில் நேரமே இல்லை.