பிள்ளை மார்ச்சிங் பேண்டில் சேர்ந்தாச்சு, என்னென்ன வாங்கணும்?

மே மாதம் எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளை ஹைஸ்கூல் பேண்டில் சேர்ந்திருக்கும். பள்ளியிலிருந்து கையேடு, கட்டண அட்டவணை, யூனிஃபார்முக்கு அளவெடுக்கும் தேதி என்று ஒரு மூட்டை மின்னஞ்சல் வந்து இறங்கியிருக்கும். நமக்கெல்லாம் பேண்டு என்றால் கல்யாண ஊர்வலத்தின் பேண்டு செட்தான். இங்கே அமெரிக்காவில் அது ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளையில், நூறு கெஜ மைதானத்தில், நடந்துகொண்டே வாசித்துக்கொண்டே கோலம் மாற்றும் வித்தை; ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை வீட்டுச் சனிக்கிழமைகளை அது எடுத்துக்கொள்ளும். டல்லாஸுக்கு வடக்கே ஒரு பள்ளியில் என் மகள் கிளாரினெட், மகன் டிரம்பெட். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு வருஷம் பணம் கட்டிய தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஆறாம் வகுப்பிலிருந்து பையனுக்கு வாடகை டிரம்பெட். மாதம் 42 டாலர் போய்க்கொண்டே இருக்கிறது. ஆன்லைனில் புதிதே 150 டாலருக்குக் கிடைக்கிறது. வாடகையை நிறுத்திவிட்டு அதை வாங்கிவிடலாமா அக்கா? (பிளேனோ)

வாங்காதீர்கள். நான் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஆறாவது வாரம் நடு வால்வு கீழே போய் மேலே வரவில்லை. எண்ணெய் விட்டோம், கழுவினோம், அசையவில்லை. ரிப்பேர் கடைக்காரர் வாங்கிப் பார்த்தார், திறக்கக்கூட இல்லை, அப்படியே கவுண்டர் மேல் என் பக்கம் தள்ளிவிட்டார். இதற்கு உதிரி பாகம் கிடையாது, தகடு மெல்லிசு, கை வைத்தால் எனக்குத்தான் கெட்ட பெயர் என்றார். இந்த மாதிரிச் சரக்குக்கு ரிப்பேர்காரர்கள் 'வாத்திய வடிவப் பொருள்' என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு இரண்டு நல்ல வழி இருக்கிறது. முதல் வழி, இப்போதைய வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலும் அது கட்டக் கட்டச் சொந்தமாகும் ஒப்பந்தமாக இருக்கும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்: மாதம் 42 டாலர், 36 மாதம் என்றால் 1,512. அதே டிரம்பெட்டை ரொக்கமாக வாங்கினால் 1,100 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 412. அதில் ரிப்பேர், திருட்டுப் பாதுகாப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மூன்று வருஷம் கட்டியவர்கள் சிலருக்கு இன்னும் நாலைந்து மாதமே பாக்கி இருக்கும், அது தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். 'இன்றைக்கே மொத்தமாகத் தீர்த்தால் எவ்வளவு?' என்று கடையில் ஒரு கேள்வி கேளுங்கள். தள்ளுபடி தருகிற கடைகள் உண்டு, அவர்களாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது வழி, பெயர் பெற்ற கம்பெனியின் பழைய வாத்தியம். யமஹாவில் மாணவர் மாடல் என்றால் டிரம்பெட் 2330, ஃப்ளூட் 222, கிளாரினெட் 255, ஆல்டோ சாக்ஸ் 280. அதற்கு முந்தைய எண்களும் நல்லவைதான். பழைய டிரம்பெட்டைப் பார்க்கப் போனால் மூன்று காரியம் செய்யுங்கள். எல்லாக் குழாய்களையும் விரலால் இழுங்கள், முக்கி முனகி இழுத்தால்தான் வரும் என்றால் வேண்டாம். வால்வை அழுத்தாமல் முதல் வால்வின் குழாயை வெடுக்கென்று உருவுங்கள், 'ப்ளக்' என்று சத்தம் வந்தால் உள்ளே காற்று ஒழுகவில்லை. கடைசியாக, வாய் வைக்கும் பக்கத்துக் குழாயை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளையில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். பாலிஷ் போட்டு மறைக்கலாம், குணப்படுத்த முடியாது.

எதை வாங்கினாலும் பேண்டு டைரக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வரிசை ஒரே மாதிரி மின்ன வேண்டும் என்று வெள்ளிப் பூச்சு டிரம்பெட் மட்டும் கேட்கிற பள்ளிகள் இருக்கின்றன. ட்யூபா, பாரிடோன், மெல்லோஃபோன், முரசு வகைகளை வாங்கவே வேண்டாம், அவை பள்ளியின் சொத்து.

கேள்வி: மகளின் தனி வகுப்பு ஆசிரியர் மரக் கிளாரினெட் வாங்கச் சொல்கிறார். விலை ஆயிரக்கணக்கில் இருக்கிறது. மார்ச்சிங்குக்கும் அது பயன்படுமா? (ஆஸ்டின்)

ஏ.கே.சி. நடராஜன் கச்சேரி கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது, கிளாரினெட் என்றால் எனக்கும் கை நீளும். ஆனால் மர வாத்தியத்தை மைதானத்தில் இறக்காதீர்கள். ஏ.சி. அறையிலிருந்து 100 டிகிரி வெயிலுக்குப் போய்த் திரும்பினால் கருங்காலி வகை மரம் விரிசல் விடும். அக்டோபர் இரவுக் குளிரும் அதையே செய்யும். இப்போது இருக்கும் பிளாஸ்டிக் கிளாரினெட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொல்வார்கள் கடையில், கொடுக்காதீர்கள். மைதானத்துக்கு அதுதான். மர வாத்தியம் உள்ளரங்கக் கச்சேரிக்கும், வட்டாரத்தின் சிறந்த மாணவர்களை வாசிக்க வைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ரீஜன் தேர்வுக்கும். அந்தத் தேர்வுக்குப் போகிற எண்ணம் இல்லை என்றால் நவம்பர் கழிந்து வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அப்பா ஜூலையில் ஊரிலிருந்து வருகிறார். இந்தியாவில் சாக்ஸபோன் மலிவாம். வாங்கிவரச் சொல்லலாமா? (ஹூஸ்டன்)

இந்தியாவில் பேண்டு வாத்தியம் செய்வதற்கென்றே மீரட்டில் ஜலி கோட்டி என்று ஒரு பகுதி இருக்கிறது. கல்யாண பேண்டுகள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் சரக்கு. அவற்றைக் குறை சொல்லவில்லை, அதன் வேலைக்கு அது சரி. ஆனால் சாக்ஸபோனில் இருபதுக்கு மேல் மூடிகள், ஒவ்வொன்றும் காற்றுப் புகாமல் உட்கார வேண்டும். ஒன்று பிசகினால் இங்கே கழற்றிச் சேர்க்க ஆள் கிடைக்காது. ஜப்பான் கம்பெனி வாத்தியமாகவே வாங்கினாலும் உத்தரவாதம் பெரும்பாலும் விற்ற நாட்டோடு நின்றுவிடும். அப்பாவின் பெட்டியில் அந்த இடத்துக்கு நல்லெண்ணெயும் அப்பளமும் வரட்டும்.

கேள்வி: பேண்டு கேம்ப் பட்டியலில் ஷூ, தண்ணீர் ஜக், கையுறை, லயர் என்று பதினைந்து சாமான் இருக்கிறது. எல்லாமே அவசியமா? நாங்கள் ஆகஸ்ட் 8 வரை மதுரையில் இருப்போம். (ஃபிரிஸ்கோ)

முதலில் டிக்கெட். டெக்சாஸில் பள்ளி ஆகஸ்ட் நடுவில் திறக்கும், பேண்டு கேம்ப் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் தொடங்கிவிடும். நடக்கச் சொல்லித்தருவதே முதல் வாரத்தில்தான். அப்போது இல்லாத பிள்ளைக்குக் கோலத்தில் புள்ளி கிடைக்காமல் மாற்று ஆளாக ஓரத்தில் நிற்க நேரலாம். தேதி மாற்றும் கட்டணம் வலிக்கும்தான், ஆனால் பட்டியலில் இருக்கும் பதினைந்து சாமானையும்விட அது முக்கியம். கேம்ப் தேதிக்கு ஐந்து நாள் முன்னாலாவது வந்து இறங்குங்கள். தூக்கம் கலங்கிய பிள்ளையைத் தார் போட்ட வாகன நிறுத்தத்தில், வெயிலில் நிறுத்துவது நல்லதில்லை.

ஷூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்ச்சிங்கில் ஐந்து கெஜ தூரத்தை எட்டுக் காலடியில் கடக்க வேண்டும், அதாவது ஒரு காலடிக்கு 22.5 அங்குலம். குதிகாலை வைத்து விரல் நுனிவரை பாதத்தை உருட்ட வேண்டும். உடம்பு குலுங்கினால் ஊதும் சுரமும் குலுங்கும். அதற்காகவே குதிகால் வளைவாக, அடிப்பாகம் மடங்குகிற மாதிரி டிங்கிள்ஸ் போன்ற கம்பெனிகள் ஷூ செய்கின்றன. வீட்டில் இருக்கும் கறுப்பு ஷூ இதற்கு ஆகாது. பள்ளி மொத்தமாக ஆர்டர் போடும், தனியாக வாங்க வேண்டாம். அளவெடுக்கும்போது நீளமான கறுப்புக் காலுறையைப் போட்டுக்கொண்டு, சாயங்காலத்தில் அளவெடுங்கள். சாயங்காலம் பாதம் சற்று வீங்கியிருக்கும். பதினாலு வயதுப் பையனின் பாதம் அடுத்த வருஷம் இதே அளவில் இருக்காது, அதனால் இரண்டாம் வருஷ ஷூவைப் பள்ளி முடித்துப் போகும் பிள்ளைகளிடம் கேட்டு வாங்குங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பெரிய பெட்டி நிறையக் கிடக்கும்.

கேம்ப் ஷூ வேறு. அதற்கு நல்ல ஓட்டக் காலணி போதும், செருப்பும் கிராக்ஸும் உதவாது. தண்ணீர் ஜக் அரை காலனுக்குக் குறையாமல், ஐஸ் கட்டி நுழைகிற அகல வாயோடு இருக்கட்டும். பெயரை எழுதுங்கள், நூறு நீல ஜக் ஒரே வரிசையில் நிற்கும். தொப்பி, சன்ஸ்கிரீன், வெளிர் நிற டி-ஷர்ட். முரசு வரிசையில் இருக்கும் பிள்ளை என்றால் சத்தத்தைக் குறைத்து இசையைக் கெடுக்காத காதடைப்பான் சுமார் 20 டாலருக்குக் கிடைக்கும். பட்டியலில் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

லயர் (இசைக்குறிப்புத் தாளை வாத்தியத்தில் மாட்டும் கவ்வி), கையுறை இரண்டையும் பிரிவுத் தலைவர் கேட்கும்வரை தள்ளிப்போடுங்கள். யூனிஃபார்மும் தொப்பியும் பள்ளி தரும்.

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். 'பேண்டு பங்குத்தொகை 900 டாலர், ஜூன் 15க்குள் கட்டாயம்' என்று கடிதம் வந்திருக்கிறது. எல்லாரும் கட்டித்தான் ஆக வேண்டுமா? (ஃப்ரீமான்ட்)

'கட்டாயம்' என்ற சொல்லை அங்கே அரசுப் பள்ளி எழுதக் கூடாது. 1984-இல் ஹார்ட்ஸெல் எதிர் கானெல் வழக்கில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், பாடத்துக்கு அப்பாற்பட்ட கல்விச் செயல்பாடுகளுக்கும் கட்டணம் கேட்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. 2012-இல் ஏ.பி. 1575 என்ற சட்டம் அதை இன்னும் இறுக்கியது. ஏழைகளுக்கு விலக்குத் தருகிறோம் என்று சொல்லிக்கூட மற்றவர்களிடம் கட்டணம் வாங்க முடியாது. முதல்வரிடம் புகார் கொடுக்கலாம், பெயர் போடாமலும் கொடுக்கலாம். நன்கொடை கேட்பது வேறு, அது அவர்கள் உரிமை. முடிந்ததைக் கொடுப்பது உங்கள் விருப்பம். பயிற்சியாளர்களுக்கும் லாரிக்கும் பணம் அங்கிருந்துதான் வருகிறது என்பதால் நானாக இருந்தால் கொடுப்பேன். ஆனால் கட்டாத பிள்ளையை வரிசையிலிருந்து விலக்குவோம் என்று எழுதினால் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வையுங்கள்.

டெக்சாஸ் வாசகர்கள் இதைப் படித்துவிட்டுப் பள்ளிக்குப் போய்ச் சண்டை போட வேண்டாம், இங்கே சட்டம் வேறு. கட்டணம் வாங்கலாம். ஆனால் பள்ளியின் வாத்தியத்துக்கும் யூனிஃபார்முக்கும் வாங்கும் தொகை வருஷப் பராமரிப்புச் செலவைத் தாண்டக் கூடாது. கட்ட முடியாதவர்களுக்கு விலக்குத் தர வழிமுறையும் இருந்தாக வேண்டும். வேலை போன வீடுகள் நம்மில் எத்தனையோ. கூச்சப்படாமல் கேளுங்கள், டைரக்டரோடு அது நின்றுவிடும்.

கேள்வி: ஃபுட்பால் ஆட்டங்களில் தின்பண்டக் கடையில் மூன்று மாதம் நின்றேன். ஒரு நாள்கூட வராத பெற்றோரின் பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரே கட்டணமா? (ராலே)

கோபம் நியாயம்தான். ஆனால் வருமான வரித் துறை அதை அனுமதிக்காது. பேண்டுக்குப் பணம் திரட்டும் பெற்றோர் சங்கமான பூஸ்டர் கிளப் வரிவிலக்குப் பெற்ற அமைப்பு. திரட்டிய பணத்தை உழைத்தவரின் பிள்ளை கணக்கில் தனியாக வரவு வைத்தால் அது தனியார் ஆதாயம் ஆகிவிடும். 2013-இல் கேபிடல் ஜிம்னாஸ்டிக்ஸ் என்ற பூஸ்டர் கிளப் இதனாலேயே வரி நீதிமன்றத்தில் தோற்றது. உங்களுக்கு வேறு வழி இருக்கிறது: நீங்கள் நின்ற நேரத்தைக் குறித்துவைத்து உங்கள் கம்பெனியில் கேளுங்கள். ஊழியர் தன்னார்வ நேரத்துக்கு இவ்வளவு என்று அமைப்புக்குப் பணம் தரும் ஐ.டி. கம்பெனிகள் உண்டு. அதில் எல்லார் கட்டணமும் கொஞ்சம் குறையும், உங்களுடையதும்தான்.

கேள்வி: புத்தாண்டு அணிவகுப்புக்குப் பேண்டு லண்டன் போகிறது. முன்பணம் கட்டிவிடலாமா? மகள் ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். (சான் அன்டோனியோ)

இந்தியப் பாஸ்போர்ட் என்றால் பிரிட்டன் விசா வேண்டும், கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் திரும்பி வருவது. பாஸ்போர்ட்டில் இருக்கும் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், இங்கே தங்கும் அனுமதி இருந்தாலும், வெளியே போய்ப் புது முத்திரை வாங்காமல் உள்ளே வர முடியாது. பேண்டு ஆறு நாளில் திரும்பிவிடும், தூதரகம் அவர்களுக்காக அவசரப்படாது. முத்திரைத் தேதியைப் பார்த்துவிட்டு, பயண நிறுவனத்தின் ரத்து அட்டவணையையும் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். எந்தத் தேதிக்குப் பிறகு எவ்வளவு திரும்பாது என்று அதில் இருக்கும்.

கேள்வி: போட்டி நாட்களில் சைவப் பிள்ளைக்குச் சாப்பாடு? (இர்விங்)

பூஸ்டர் கிளப் சாப்பாட்டுப் பணம் வாங்கும்போதே சைவம் என்று எழுதிக் கொடுங்கள். எழுதினாலும் சில நாள் சீஸ் பீட்சாதான். தயிர்சாதம் வாய் அகலமான ஃபிளாஸ்கில் சாயங்காலம் வரை தாங்கும், கண்ணாடிப் பாட்டில் பஸ்ஸில் ஏற விடமாட்டார்கள். யூனிஃபார்ம் போட்ட பிறகு சாப்பிடக் கூடாது என்பது எல்லாப் பள்ளியிலும் சட்டம் மாதிரி. என் மகன் ஒருமுறை வெள்ளைக் கால்சட்டையோடு எலுமிச்சை சாதம் சாப்பிட்டான். மஞ்சள் போகவில்லை, சலவைக்கணக்கு வீட்டுக்கு வந்தது.