சின்ன ரிவால்வர்: குண்டு ஏன் கீழே இடப்பக்கம் போகிறது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். துப்பாக்கியைக் கூடவே எடுத்துச்செல்ல உரிமம் எடுத்தபோது சுடும் தேர்வில் தேறிவிட்டேன். இப்போது தற்காப்புக்கு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 என்ற ஐந்து தோட்டா ரிவால்வர் வைத்திருக்கிறேன். வலது கைக்காரன். 7 கெஜத்தில் சுட்டால் குண்டுகள் கீழேயும் இடப்பக்கமும் சிதறுகின்றன. இருபது தோட்டா தாண்டினால் கை வலிக்கிறது. நிறையச் சுட்டால் சரியாகுமா, துப்பாக்கியை மாற்ற வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். இப்போது சுடுகிற விதத்திலேயே நிறையச் சுட்டால் தவறுதான் கையில் ஊறும்.

தேர்வைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. டெக்சாஸ் உரிமத் தேர்வில் 50 தோட்டா: 3 கெஜத்தில் 20, 7 கெஜத்தில் 20, 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளியில் 175 எடுத்தால் போதும். இலக்கோ ஆளுயர உருவம் பொறித்த பெரிய தாள். அதில் தேறுவது துப்பாக்கியை ஆபத்தில்லாமல் கையாளத் தெரியும் என்பதற்குச் சான்று, அவ்வளவுதான். உங்கள் அளவுகோல் இதுவாக இருக்கட்டும்: 5 கெஜம், 5 அங்குல வட்டம், 5 தோட்டா, 5 விநாடி. ஐந்தும் உள்ளே விழ வேண்டும். இன்று விழாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த வகை ரிவால்வரின் சிரமம் முழுவதும் ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது. 642-இன் எடை 1 பவுண்டுக்கும் குறைவு. விசையை இழுக்கத் தேவைப்படும் பலமோ ஏறக்குறைய 12 பவுண்டு. துப்பாக்கியின் எடையைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேலான பலத்தை ஒற்றை விரலால் செலுத்துகிறீர்கள். அதே நேரத்தில் துப்பாக்கி அசையவும் கூடாது. போதாக்குறைக்கு, குறி பார்க்க உதவும் பின் காடிக்கும் முன் குறிக்கும் இடையே 4 அங்குலம்கூட இல்லை. முன் குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 7 கெஜத்தில் குண்டு இரண்டரை அங்குலத்துக்கு மேல் விலகிப்போகும். துப்பாக்கியில் குறை இல்லை. நல்ல தோட்டாவை வைத்து மேசையில் தாங்கிச் சுட்டால் இந்தக் குட்டைக் குழலே வியக்கும்படி நெருக்கமாகக் குண்டைப் போடும்.

ஆகவே வேலை விசையில்தான். அதற்கு முன்னால் பிடியைச் சரிசெய்ய வேண்டும்.

642-இன் சுத்தி உடலுக்குள் மறைந்திருக்கிறது. வெளியே நீட்டிய சுத்தி இருக்கும் ரிவால்வரில் கை ஓரளவுக்கு மேல் ஏற முடியாது. இதில் அந்தத் தடை இல்லை. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட சவ்வைத் துப்பாக்கி உடலின் பின்வளைவு வரை மேலேற்றிப் பிடியுங்கள். கை குழலின் கோட்டுக்கு எவ்வளவு அருகே போகிறதோ, சுட்டதும் முனை மேலே துள்ளுவது அவ்வளவு குறையும். சுண்டுவிரலுக்குக் கைப்பிடியில் இடம் இருக்காது. அதை அடியில் மடித்துவிடுங்கள். இடது கையின் சுட்டுவிரல் விசைக் காப்பு வளையத்தின் அடியில் அழுந்தட்டும். இடது பெருவிரல் வலது பெருவிரலின் மேல் குறுக்கே படுக்கட்டும். தானே தோட்டா ஏற்றும் பிஸ்டல் பழகியவர்கள் இரண்டு பெருவிரலையும் முன்னோக்கி நீட்டுவார்கள். இங்கே அது கூடவே கூடாது. தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடுக்கிலிருந்து சுடும்போது கொதிக்கும் வாயுவும் ஈயச் சீவலும் பக்கவாட்டில் பீறிடும், விரலைக் கிழித்துவிடும்.

இன்னொரு சங்கதி, பலரும் கவனிக்காதது. சின்னக் கைப்பிடியில் விசை முழுதாகப் பின்னே வரும்போது சுட்டுவிரலின் நுனி எதிர்ப்பக்கம் இருக்கும் பெருவிரலில் முட்டும். முட்டிய கணத்தில் முனை ஒரு பக்கம் தள்ளப்படும். சிலிண்டரைத் திறந்து காலி என்று உறுதிசெய்துகொண்டு மெதுவாக இழுத்துப் பாருங்கள். முட்டினால் பெருவிரலைக் கொஞ்சம் மேலே நகர்த்துங்கள், அல்லது கொஞ்சம் பருத்த கைப்பிடிக்கு மாறுங்கள்.

இப்போது கீழ்-இடது சிதறல். வலது கைக்காரர்களுக்கு இதற்கு இரண்டு காரணம் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தெரியும். முதலாவது, சுட்டுவிரல் இழுக்கும்போது மற்ற மூன்று விரலும் சேர்ந்து இறுகுவது. பால் கறக்கும்போது விரல்கள் வரிசையாய் மூடுமே, அப்படி. முனை கீழே இறங்கி இடப்பக்கம் சாயும். மருந்து எளிது: விசையைத் தொடும் முன்பே முழுப் பலத்தோடு பிடித்துவிடுங்கள். இறுக்க மிச்சம் இல்லாத கை நடுவில் இறுகாது. இரண்டாவது, உதைப்புக்குப் பயந்து, வெடிக்கும் முன்பே மணிக்கட்டால் கீழே அழுத்திவிடுவது. இதை மன உறுதியால் வெல்ல முடியாது. உடம்பு தானாகச் செய்கிற காரியம்.

உங்களுக்கு எது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. சுடுதளத்தில் 2 நிஜத் தோட்டாவும் 3 டம்மித் தோட்டாவும் (வெடிக்காத போலி) கலந்து போடுங்கள். சிலிண்டரைப் பார்க்காமல் சுழற்றி, கையால் அழுத்தி மூடுங்கள் (சினிமாவில் வருவதுபோல் உதறி மூடினால் சிலிண்டரைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும்). எது வெடிக்கும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் சுடுங்கள். டம்மி வரும்போது முன் குறி திடீரென்று கீழே குதித்தால் அது பயம். குதிக்காமல் இழுவை முழுக்க மெல்லச் சரிந்தால் அது விரல். பயம் என்றால் இதே சோதனைதான் மருந்தும். ஒவ்வொரு முறை சுடுதளம் போகும்போதும் முதல் 10 தோட்டாவை இப்படிச் செலவிடுங்கள்.

இடப்பக்கச் சாய்வுக்கு விரல் வைக்கும் இடமும் காரணமாகலாம். நுனிச் சதையால் 12 பவுண்டை இழுக்கப் பெரும்பாலான கைகளுக்குத் தெம்பு போதாது. முதல் மூட்டின் மடிப்பு விசையில் படட்டும். இதில் சட்டம் எதுவும் இல்லை. எந்த இடத்தில் வைத்து இழுத்தால் முன் குறி அசையவில்லையோ, அதுவே உங்கள் இடம்.

கையைத் திருத்தும் முன் தோட்டாவையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். நகர்த்த முடியாத இந்தக் குறிகள் பெரும்பாலும் 158 கிரெயின் (குண்டின் எடையளவு) குண்டுக்கு ஒத்துவரும். 110 கிரெயின் போன்ற இலேசான குண்டு குழலைவிட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடும். அதற்குள் முனை அவ்வளவு எழும்பியிராது. அதனால் கீழே படும். மணல் மூட்டையில் கையைத் தாங்கி இரண்டு வகையையும் ஐந்தைந்து சுட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். தோட்டாவால் குண்டு கீழே போகலாம். இடப்பக்கம் போவதற்கு அதைக் குறை சொல்ல முடியாது.

திறமை வளரும் இடம் சுடுதளம் அல்ல, வீடு. தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவதுதான் இந்தத் துப்பாக்கிக்கு முக்கால் பங்கு பயிற்சி. 642 போன்ற நவீன ரிவால்வருக்கு இதனால் சேதம் வராது. டம்மித் தோட்டா போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. .22 ரிம்ஃபயர் (உறையின் விளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) துப்பாக்கியில் தயாரிப்பாளர் அனுமதித்தால் ஒழியச் செய்ய வேண்டாம்.

நிஜத் தோட்டா எதுவும் நீங்கள் பழகும் அறையில் இருக்கக் கூடாது. சிலிண்டரின் ஐந்து துளையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். குண்டு பாய்ந்தாலும் யாருக்கும் படாத சுவரை நோக்கி நில்லுங்கள். பக்கத்து அறையில் குழந்தை தூங்கும் அட்டைச் சுவர் ஆகாது. வெற்றுச் சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி முனையை வைத்துக்கொண்டு, இலக்கு எதையும் தேடாமல் முன் குறியை மட்டும் பாருங்கள். நடுவில் நிற்காமல், ஒரே வேகத்தில், தொடக்கம் முதல் கிளிக் வரை இழுங்கள். பாதி இழுத்து நிறுத்தி, குறி பார்த்து, மீதியைச் சட்டென்று இழுப்பது பலருக்கும் உள்ள பழக்கம். நிதானமாகச் சுடும்போது அது துல்லியம்போலத் தோன்றும், அவசரத்தில் கவிழ்த்துவிடும்.

விசையை விடுவதும் அதே அளவு முக்கியம். இழுத்த வேகத்திலேயே முன்னால் போகவிடுங்கள். முழுதும் முன்னே போய் நிற்க வேண்டும். பிஸ்டலில்போல் பாதி விட்டு மறுபடி இழுத்தால், சிலிண்டர் மட்டும் சுழன்று ஒரு நல்ல தோட்டாவைத் தாண்டிப் போய்விடலாம், அல்லது விசை நடுவில் சிக்கியதுபோல் நின்றுவிடும். ரிவால்வர் சிக்கவே சிக்காது என்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஒரு நாளைக்கு 25, 30 இழுவை, பத்து நிமிடம், வாரம் நாலைந்து நாள். விரல் சோர்ந்தால் நிறுத்துங்கள். சோர்ந்த விரல் கோணலாக இழுக்கப் பழகும். சில வாரத்தில் குறி அசையாமல் நிற்கத் தொடங்கியதும், குழலின் மேல் ஒரு காசை வைத்து, விழாமல் இழுத்துப் பாருங்கள். முடித்ததும் “பயிற்சி முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், வேடிக்கையாகத் தோன்றினாலும். தோட்டாவைத் திரும்பப் போட்ட பிறகு “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று இழுப்பதுதான் வீட்டுச் சுவரில் ஓட்டை விழும் வழி.

முன் குறி கண்ணில் படுவதில்லை என்றால் அது உங்கள் கண்ணின் குறை மட்டும் அல்ல. வெள்ளி நிற உடலில் வெள்ளி நிறக் குறி, வெளிச்சத்தில் கரைந்துபோகும். ஸ்பிரிட்டால் எண்ணெய்ப் பசையைத் துடைத்து, ஒரு பூச்சு வெள்ளை நகப்பூச்சு, காய்ந்ததும் அதன் மேல் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு. வாங்கிப் போடும் உதிரி பாகம் எதுவும் இந்த விலைக்கு இவ்வளவு பலன் தராது.

கை வலிக்கு வருவோம். மெல்லிய கைப்பிடியில் உலோக முதுகு நேராகச் சவ்வில் இடிக்கும். விசைக் காப்பு வளையம் நடுவிரல் மூட்டில் மோதும். முதுகையும் மூடுகிற ரப்பர் கைப்பிடி பாதி வலியைக் குறைத்துவிடும். கொஞ்சம் பருமனாவதால் கால்சட்டைப் பைக்குள் போகாது என்றால், பயிற்சிக்கு ஒன்று, வைத்துக்கொள்ள ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு திருகாணி வேலைதான். பயிற்சிக்கு 148 கிரெயின் வாட்கட்டர் (தட்டை முனைக் குண்டு) வாங்குங்கள். உதைப்பு குறைவு, தாளில் வெட்டியதுபோல் துல்லியமான ஓட்டை விழும். அழுத்தம் கூடிய ப்ளஸ் பி தோட்டாவை 642 தாங்கும், உங்கள் கைதான் தாங்காது. ஒவ்வொரு முறையும் கடைசியில் ஐந்து மட்டும் சுடுங்கள். ஒரு நாளைக்கு 50 தோட்டாவுக்கு மேல் வேண்டவே வேண்டாம்.

அந்த ஐம்பதை இப்படிப் பிரிக்கலாம்: டம்மி கலந்து 10, 3 கெஜத்தில். 5 கெஜத்தில் நேரம் பார்க்காமல் 15. வலது கை மட்டும் 5, இடது கை மட்டும் 5. 7 கெஜத்தில் 5. மேலே சொன்ன ஐந்து விநாடி அளவுகோல் 5. கடைசியில் வைத்துக்கொள்ளும் தோட்டாவில் 5. தாளில் தேதி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காதுக்கு உள்ளே செருகும் அடைப்பும் மேலே மூடும் கவசமும் இரண்டும் வேண்டும். குட்டைக் குழலின் சத்தம் அப்படி. வீட்டுக்குக் கிளம்பும் முன் குளிர்ந்த தண்ணீரிலும் சோப்பிலும் கை கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம். ஈயத்தூள் கையோடு வரும்.

மறுபடி தோட்டா போடுவதில் குட்டை ரிவால்வருக்கென்றே ஒரு வில்லங்கம் உண்டு. வெற்று உறைகளைத் தள்ளும் கம்பி இதில் குட்டை. உறைகளை முழுதாக வெளியே தள்ளாது. முனையை வானம் பார்க்கத் தூக்கி, உள்ளங்கையால் கம்பியை ஒரே தட்டு, பலமாக. கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல அழுத்தினால் ஓர் உறை, உறைகளைத் தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்துவிடும். பிறகு நகத்தால் நெம்ப வேண்டியதுதான். எரியாத வெடிமருந்துத் துகள் அதே இடத்தில் சேர்ந்தாலும் சிலிண்டர் மூடாது, மூடினால் சுழல முரண்டு பிடிக்கும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு தடவையும் தகட்டின் அடியைத் துடையுங்கள். கம்பி கழன்றிருக்கிறதா என்றும் விரலால் முறுக்கிப் பாருங்கள்; கழன்று முன்னே வந்தால் சிலிண்டரைத் திறக்க முடியாது.

இலேசான ரிவால்வரில் இன்னொன்றும் நடக்கும். உதைப்பில் துப்பாக்கி வெடுக்கென்று பின்னே போகும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டு உறையிலிருந்து முன்னுக்கு நழுவும். அதிகம் நழுவினால் சிலிண்டர் பூட்டிக்கொள்ளும். புது வகைத் தோட்டா வாங்கினால் ஐந்தைப் போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை எடுத்து, பெட்டியில் இருக்கும் புதுத் தோட்டாவோடு காலிப்பரில் நீளம் ஒப்பிடுங்கள். நீண்டிருந்தால் அந்த வகை உங்கள் துப்பாக்கிக்கு ஆகாது, எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும்.

பையில் வைப்பதானால் விசையை முழுதும் மூடும் துப்பாக்கி உறை கட்டாயம். அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் கூடாது. வீட்டில் எடுத்து வைக்கும் இடத்துக்குப் பூட்டு வேண்டும். டெக்சாஸில் தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் கைக்குப் போனால் குற்றம். எடுக்கிற பயிற்சியைக் காலித் துப்பாக்கியோடு வீட்டிலேயே செய்யுங்கள். பல சுடுதளங்கள் உறையிலிருந்து எடுத்துச் சுட விடுவதில்லை. பைக்குள்ளேயே முஷ்டி பிடித்தால் கை வெளியே வராது. விரல்களை நீட்டிக் கையை உள்ளே விட்டு, பெருவிரலைக் கைப்பிடியின் பின்பக்க உச்சியில் வைத்து இழுத்தால் தடையின்றி வரும். சுட்டுவிரல் அப்போது விசைக்கு வெளியே, துப்பாக்கி உடலின் மேல் நீண்டிருக்கட்டும். குறி இலக்கில் பட்ட பிறகுதான் அதற்கு உள்ளே வேலை.