விங் சுன்ங்கற சீன தற்காப்புக் கலை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, விங் சுன்ன ஒரு பெண் துறவிதான் உருவாக்குனாங்களா?

பதில்: கேக்க நல்லாருக்கு, ஆதாரம்தான் இல்ல. ங் முய்ங்கற பிக்குணி, அவங்க சிஷ்யை யிம் விங் சுன், எல்லாம் வாய்வழிக் கதை. கொஞ்சம் கெட்டியா தடம் கிடைக்கறது தென் சீனாவோட குவாங்டாங்ல இருக்கற ஃபோஷான் ஊர்லதான். சிவப்புப் படகுல ஊர் ஊரா போய் ஆடுன ஓபரா ஆளுங்க 1854-ல லி வென்மாவோங்கற நடிகர் தலைமைல அப்ப சீனாவ ஆண்ட சிங் வம்ச அரச எதிர்த்தாங்க, அடக்குன கையோட நாடகத்துக்கே தடை. அந்தப் படகுக்காரங்ககிட்ட கத்துக்கிட்டதா சொல்றது ஃபோஷான் வைத்தியர் லியுங் ஜான், அவர் சிஷ்யர் காசு மாத்திக் கொடுத்த சான் வா சுன், அவர்கிட்ட சின்ன வயசுல சேந்தவர், பின்னாடி ஹாங்காங்ல இத சொல்லிக்கொடுத்த இப் மான் (1893-1972).

கேள்வி: எல்லாத்துக்கும் மூலம் நம்ம காஞ்சிபுரம் போதிதர்மர்தானே?

பதில்: வந்துட்டீங்களா! குங்ஃபூவுக்குப் பேர்போன ஷாவோலின் மடம் 495-ல பத்துவோங்கற துறவிக்காக கட்டுனது, போதிதர்மருக்காக இல்ல. போதிதர்மர் பேர்ல சுத்தற உடற்பயிற்சி நூல் 1624-லதான் தலைகாட்டுது.

கேள்வி: அப்ப அவர் தமிழரே இல்லங்கறீங்களா?

பதில்: நான் எங்க சொன்னேன்? 547-ல எழுதுன குறிப்பு பாரசீகத்துக்காரர்ங்குது, இன்னொரு பழைய குறிப்பு தென்னிந்திய ராஜாவோட மூணாவது மகன்ங்குது, ரெண்டுலயும் காஞ்சி பேர் இல்ல, அவர் யாருக்கும் குத்துவிடக் கத்துக்கொடுத்ததாவும் இல்ல. தென்னிந்தியர்னே வச்சுக்கோங்க, எனக்கும் சந்தோஷம்தான், ஆனா விங் சுன்னுக்கும் அவருக்கும் சம்பந்தம் இல்லங்க.

கேள்வி: துரோகி.

பதில்: சரிங்க. அடுத்தது.

கேள்வி: சி சாவ்ங்கற ஜோடிப் பயிற்சில என்னதான் பண்றாங்க? கைய உருட்டிட்டே இருக்காங்களே.

பதில்: இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன். ரெண்டு பேர் முன்கையும் ஒட்டியே சுத்தும். உள்ளங்கை மேல பாக்கற டான் சாவ், முழங்கை தூக்குன பாங் சாவ், மேல படிஞ்ச ஃபுக் சாவ், மூணும் மாறி மாறி வரும். எதிராளி அழுத்தம் லேசா விட்டாலோ கை உடம்போட நடுக்கோட்ட விட்டு விலகினாலோ உங்க கை கண்ணுக்காக காத்திருக்காம அந்த ஓட்டைல நுழையணும். அதுக்குத் தோள் இறுகக் கூடாது, புதுசா வர்றவங்க தள்ளுமுள்ளு பண்ணி அதத்தான் கெடுக்கறாங்க. இது சண்டை இல்ல, பயிற்சி. ஆள் இல்லாம தனியா பண்ண முடியாது.

கேள்வி: மர பொம்மை வாங்கலாமா?

பதில்: முதல்ல கத்துக்கற தனிப்பயிற்சி வரிசை சியு நிம் தாவ் ஆரம்பிச்சாச்சா? இல்லன்னா வேணாம், மணிக்கட்டுதான் வீங்கும். மூணு கை ஒரு கால் வச்ச கட்டை, ஃபோஷான்ல மண்ணுல நட்டு வச்சிருந்தாங்க, ஹாங்காங் மாடிவீட்டுல மண்ணு ஏது, அதனால சட்டத்துல மாட்டி சுவத்துல நிறுத்துனாங்க, அடிச்சா லேசா பின்வாங்கித் திரும்பி வரும்.

கேள்வி: யூடியூப் பாத்து கத்துக்கலாமா?

பதில்: ஆள் வேணும்னு இப்பதான சொன்னேன்.

கேள்வி: வீட்ல தனியா பண்ணா எவ்ளோ நாளாகும்?

பதில்: மேல படிங்க சாமி.

கேள்வி: முட்டிய மடக்கி நிக்கற குதிரை நிலைல முட்டி வலிக்குது.

பதில்: முட்டிய மட்டும் உள்ள முறுக்காதீங்க, திருப்பம் இடுப்புலருந்து வரணும். வீக்கம் இருந்தா டாக்டர்கிட்ட போங்க, என்கிட்ட இல்ல.